கடல், கறுப்பின வரலாறு, கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டிக் அடிமை வணிகத்தையும் அதற்குப் பிந்தைய கறுப்பின மக்களின் வாழ்வையும் கடல் வழியாகப் பார்க்கும் ஓவியம், சிற்பம், வீடியோ பற்றி எப்போது பேசினாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். என் விருப்பு வெறுப்பும் கலந்துதான் இருக்கும்.

முதலில், நடந்தது என்ன? வரலாறு தெரியாதவருக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1860கள் வரை, போர்ச்சுகல், பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், ஹாலந்து, டென்மார்க், பிறகு பிரேசில், அமெரிக்கா என்று பல நாட்டுக் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1.25 கோடிப் பேரை அடிமைகளாக ஏற்றிச் சென்றன. அக்கரையில் உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. மீதி 18 லட்சம் பேர் நடுக்கடலில் இறந்தார்கள். நோயில், பட்டினியில், அடியில், கலகத்தில், தாங்களாகவே குதித்து, சில சமயம் தூக்கி எறியப்பட்டு.

இந்தக் கணக்கு நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கேப்டன்களின் நாட்குறிப்பு, துறைமுக வரி ரசீது, காப்பீட்டுப் பத்திரம், ஏலப் பட்டியல் இவற்றிலிருந்து ஆய்வாளர்கள் 36,000-க்கும் மேற்பட்ட பயணங்களைத் தொகுத்திருக்கிறார்கள். அத்தனையும் விற்றவனும் வாங்கியவனும் எழுதிவைத்தவை. அவற்றில் கப்பலுக்குப் பெயர் இருக்கும், கேப்டனுக்குப் பெயர் இருக்கும், கீழ்த்தட்டில் கிடந்தவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

கரும்புத் தோட்டம், பருத்திக் காடு என்று நிலத்தில் நடந்த கொடுமைதானே அதிகம்? கலைஞர்கள் ஏன் கடலையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

நிலத்தில் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது. தோட்ட வீடு, சங்கிலி, கல்லறை, பேரன் பேத்தி சொல்லும் கதை. கடலில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. 18 லட்சம் பேர் போன இடத்தில் ஒரு கல் நட முடியாது. ஆவணம் ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கிறது, உடல்கள் கடலுக்கடியில் இருக்கின்றன. அப்போது கற்பனையால் மட்டுமே நெருங்கக்கூடிய இடமாகக் கடல் ஆகிவிடுகிறது. ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே போய் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கே பார்த்தாலும் டர்னர் ஓவியத்தைக் காட்டுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஆங்கில ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னர் 1840-ல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தது. முழுத் தலைப்பே ஒரு செய்தி மாதிரி இருக்கும்: அடிமை வணிகர்கள் இறந்தவர்களையும் இறந்துகொண்டிருப்பவர்களையும் கடலில் எறிகிறார்கள், சூறாவளி வருகிறது. சுருக்கமாக ‘அடிமைக் கப்பல்’ என்பார்கள். இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது வானம்தான். ரத்தமும் மஞ்சளும் கலந்த அந்தி, நடுவில் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், பின்னால் அலையில் ஆடும் கப்பல். நெருங்கிப் போனால்தான் வலது கீழ் மூலையில் விலங்கு பூட்டிய ஒரு கால் தெரியும். அதைச் சுற்றி மீன்கள் மொய்க்கின்றன, அங்கங்கே தண்ணீருக்கு மேல் கைகளும் சங்கிலிகளும்.

இந்த ஓவியத்தின் முதல் சொந்தக்காரர் விமர்சகர் ஜான் ரஸ்கின். 1844 புத்தாண்டுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த பரிசு. டர்னர் வரைந்ததிலேயே உன்னதமான கடல் இதுதான் என்கிற அளவுக்குப் பக்கம் பக்கமாக வியந்து எழுதினார். அது அடிமைக் கப்பல், கடலில் பிணங்கள் கிடக்கின்றன என்ற விஷயத்தை மட்டும் ஒரு அடிக்குறிப்பில் தள்ளிவிட்டார். பின்னால் வந்த கறுப்பினக் கலைஞர்கள் பலரின் கோபம் அந்த அடிக்குறிப்பிலிருந்துதான் கிளம்புகிறது என்று சொன்னால் பெரிய மிகை ஆகாது.

ஸாங் கப்பல் வழக்கு என்று ஒன்று அடிக்கடி அடிபடுகிறதே, அது என்ன?

டர்னர் ஓவியத்துக்குப் பின்னணியாகப் பொதுவாகச் சொல்லப்படும் சம்பவம் அது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது புரியாமல் மற்ற படைப்புகளில் பாதி புரியாது.

1781 ஆகஸ்டில் ஸாங் என்ற கப்பல் இன்றைய கானா கடற்கரையிலிருந்து 442 அடிமைகளோடு ஜமைக்காவுக்குக் கிளம்பியது. லிவர்பூல் வணிகர்களின் கூட்டு முதலீட்டில் ஓடிய கப்பல், அளவுக்கு மீறிய கூட்டம். வழியில் நோய் பரவிப் பலர் இறந்தார்கள். மாலுமிகள் ஜமைக்காவை வேறு தீவென்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். தண்ணீர் போதாது என்று சொல்லி, நவம்பர் 29-ல் தொடங்கிச் சில நாட்களுக்குள் 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். முதல் நாள் தள்ளப்பட்டவர்கள் பெண்களும் குழந்தைகளும். கடைசியில் பத்துப் பேர் தாங்களே குதித்தார்கள். இடையில் மழை பெய்தது, தண்ணீரும் பிடித்தார்கள். டிசம்பர் 22-ல் ஜமைக்காவில் கரை சேர்ந்தபோது கப்பலில் 420 காலன் தண்ணீர் மீதம் இருந்தது.

அப்படியானால் ஏன் தள்ளினார்கள்? காப்பீட்டு விதி. நோயில் இறந்த அடிமைக்கு இழப்பீடு கிடையாது, அது இயற்கை மரணம். கப்பலைக் காப்பாற்றுவதற்காகச் ‘சரக்கை’ கடலில் எறிந்தால் இழப்பீடு உண்டு. தலைக்கு 30 பவுண்டு.

காப்பீட்டாளர்கள் தர மறுத்தார்கள், உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், 1783 மார்ச்சில் லண்டன் ஜூரி உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மே மாதம் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் முன் விவகாரம் மறுபடி வந்தபோது, ஜூரி இந்த வழக்கைக் குதிரைகளைக் கடலில் எறிந்த வழக்காகத்தான் எடுத்துக்கொண்டது என்று அவரே சொன்னார். புது விசாரணைக்கு உத்தரவும் போட்டார், ஆனால் அந்த விசாரணை நடந்ததற்கான பதிவு எதுவும் கிடையாது. கொலை வழக்கு கடைசிவரை பதிவாகவில்லை. அடிமையாக இருந்து விடுதலையான ஒலாடா எக்வியானோ ஓடிப்போய்ச் செயற்பாட்டாளர் கிரான்வில் ஷார்ப்பிடம் சொல்லியிருக்காவிட்டால், இது வணிகத் தகராறாகவே காகிதக் கட்டில் தூங்கியிருக்கும்.

சரி, டர்னர் ஓவியம் நல்லதா கெட்டதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மகத்தான ஓவியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் படைப்பைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது என்னை எங்கே நிறுத்துகிறது? டர்னர் நம்மைப் பத்திரமான தூரத்தில், சூரிய ஒளியைப் பார்த்து வாய் பிளக்கிற இடத்தில் நிறுத்துகிறார். மூழ்குகிறவரின் கால் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அந்தக் காலத்து லண்டன் கனவான்களை உலுக்க அது போதுமாக இருந்திருக்கலாம். காலுக்குரியவரின் வம்சத்தில் வந்தவர் அந்த ஓவியத்தின் முன் நிற்கும்போது என்ன செய்வார்? அந்த இடத்திலிருந்துதான் அடுத்த தலைமுறைப் படைப்புகள் தொடங்குகின்றன.

நல்ல உதாரணம் அமெரிக்கக் கலைஞர் சோன்ட்ரா பெர்ரி. 2018-ல் லண்டன் செர்பென்டைன் காலரியில் டர்னர் தலைப்பின் கடைசிப் பகுதியை மட்டும், அதாவது சூறாவளி வருகிறது என்பதை மட்டும், தன் கண்காட்சிக்குப் பெயராக வைத்தார். ஓவியத்தின் வண்ணப்பரப்பை பிளெண்டர் என்ற இலவச அனிமேஷன் மென்பொருளில் ஏற்றி, அலை உருவாக்கும் கருவியால் அசைத்து, சுவர் நிறைய ஓடவிட்டார். கப்பலும் இல்லை, பிணமும் இல்லை, நாலா பக்கமும் தண்ணீர். நடுநடுவே அந்தக் கடல் அடர் ஊதாவாக மாறும். பரப்புக்குரிய படம் கிடைக்காதபோது அந்த மென்பொருள் காட்டும் எச்சரிக்கை நிறம் அது. காணாமல் போனதைச் சொல்ல ஒரு மென்பொருள் பிழையைப் பயன்படுத்தியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கப்பலுக்குள் மனித உருவங்களை வரிசையாக அடுக்கி வைத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பாடப்புத்தகங்களில் வரும். அது யார் வரைந்தது?

லிவர்பூலைச் சேர்ந்த ப்ரூக்ஸ் என்ற கப்பலின் வரைபடம். 1788 கடைசியில் பிளிமத் நகர அடிமை ஒழிப்புக் குழு அச்சிட்டது, மறு வருடம் லண்டன் குழு விரிவாக்கி வெளியிட்டது. அப்போது புதிதாக வந்த சட்டப்படி அந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம். அதற்கு முன் 609 பேர் வரை ஏற்றியிருக்கிறார்கள். ‘சட்டப்படி’ ஏற்றினாலே இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதுதான் நோக்கம். அது பலித்தது, அந்தக் காலத்தில் உலகம் முழுக்கச் சுற்றிய பிரச்சாரப் படங்களில் இதுவும் ஒன்று.

அதன் குறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லா உருவமும் ஒன்றுபோல, முகமில்லாமல், அசையாமல் மல்லாந்து கிடக்கும். நிஜத்தில் பத்துப் பயணத்துக்கு ஒன்று வீதம் கலகம் வெடித்தது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இரக்கத்தை வரவழைக்கும் அவசரத்தில் அந்த மனிதர்களின் எதிர்ப்பைப் படம் அழித்துவிட்டது.

அதனால்தான் கலைஞர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் பெட்டி சார் 1998-ல் ஒரு பழைய இஸ்திரி மேசையின் மேல் இந்த வரைபடத்தை அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சங்கிலியால் கட்டி, பின்னால் கொடியில் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டார். துணியின் ஓரத்தில், கறுப்பினத்தவரைத் தாக்கிய அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் முதலெழுத்துகள் வெள்ளை நூலில் தைக்கப்பட்டிருக்கும். கப்பலில் வந்தவரின் பேத்தி யார் துணிக்கு இஸ்திரி போட்டாள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

என்னைக் கேட்டால் இந்த வரிசையில் முதலிடம் பெனின் நாட்டுக் கலைஞர் ரோமுவால்ட் அசூமேயின் ‘லா பூஷ் துய் ருவா’வுக்குத்தான். 1997 முதல் 2005 வரை உருவாக்கியது, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2007-ல் வாங்கியது. 304 பிளாஸ்டிக் பெட்ரோல் கேன்களை வெட்டி, வாய்ப்பக்கம் முகமூடி போலத் தெரியும்படி, ப்ரூக்ஸ் கப்பல் வடிவத்தில் தரையில் பரப்பியிருக்கிறார். பெனினில் இந்தக் கேன்களில்தான் நைஜீரியாவிலிருந்து பெட்ரோல் கடத்துவார்கள். கூடுதலாகக் கொள்ளட்டும் என்று நெருப்பில் காட்டி உப்ப வைப்பார்கள், மோட்டார் சைக்கிளில் தாங்கமுடியாத அளவுக்குக் கட்டுவார்கள், சில சமயம் வெடித்துச் சாவார்கள். கேனையும் ஆளையும் அதன் எல்லை வரைக்கும் உறிஞ்சித் தூக்கிப்போடும் வியாபாரம் இன்னும் நடக்கிறது என்பதுதான் அதில் உள்ள குற்றச்சாட்டு. அதில் ஐரோப்பியர் மட்டுமல்ல, தன் நாட்டு அரசர்களும் சிக்குகிறார்கள் என்பதையும் அசூமே மறைப்பதில்லை.

துயரம் மட்டும்தானா? கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். டெட்ராய்ட் நகரில் 1990களில் டிரெக்ஸியா என்ற எலெக்ட்ரானிக் இசைக்குழுவினர் இருவர் ஒரு புராணம் கட்டினார்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து எறியப்பட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகள் தண்ணீருக்குள்ளேயே பிறந்து, தண்ணீரிலேயே மூச்சுவிடப் பழகி, கடலுக்கடியில் ஒரு நாடு அமைத்து வாழ்கிறார்கள் என்பது கதை.

ஓவியர் எல்லன் கல்லகர் 2001-ல் தொடங்கிய ‘வாட்டரி எக்ஸ்டாடிக்’ வரிசையில் இந்தக் கதை உருவம் எடுக்கிறது. கெட்டியான வெள்ளைக் காகிதத்தைக் கத்தியால் செதுக்கி, ஜெல்லி மீனா, கடற்பாசியா, சுருட்டை முடியா, முகமா என்று சொல்ல முடியாத உயிர்களை வரைந்தார். பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்களில் மாலுமிகள் எலும்பில் கீறி வரைவார்களே, அந்த முறை. அவர் அப்பா வழிக் குடும்பம் கேப் வெர்டி தீவுகளைச் சேர்ந்தது, திமிங்கிலக் கப்பல்கள் ஆள் எடுத்த இடம். தற்செயல் இல்லை.

கிரெனடா கடலுக்கடியில் கைகோத்து நிற்கும் சிலைகள் அடிமைகளின் நினைவுச் சின்னம்தானே? வாட்ஸ்அப்பில் வந்தது.

அப்படித்தான் பாதி உலகம் நம்புகிறது. மோலினேர் விரிகுடாவில் 2006-ல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் வைத்த ‘விசிசிட்யூட்ஸ்’ அது. அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து அச்சு எடுத்த 26 உருவங்கள் வட்டமாக, வெளிப்புறம் பார்த்து நிற்கின்றன. அடிமைக் கப்பல் தன் மனதில் இருக்கவில்லை, குழந்தைகள் சூழலுக்கேற்ப வளர்வதைப் பற்றியது என்று சிற்பியே சொல்லியிருக்கிறார்.

ஆனால் கரீபியன் கடலுக்கடியில் கறுப்பினப் பிள்ளைகள் கைகோத்து நிற்பதைப் பார்த்தவர்கள் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அந்தக் கடல் அப்படி. அதனால் ஃபார்வர்டு செய்யும்போது ‘அடிமை நினைவுச் சின்னம்’ என்று எழுதாதீர்கள், மக்கள் அப்படி வாசிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

நிஜமாகவே நினைவுச் சின்னமாகக் கட்டியவை எவை?

கரீபியனில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த மார்ட்டினிக் தீவில் ஆன்ஸ் காஃபார் என்ற இடத்தில் லொரான் வலேர் 1998-ல் அமைத்த ‘கேப் 110’. 1830 ஏப்ரலில் பெயர் தெரியாத ஒரு கள்ள அடிமைக் கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. அடிமை வணிகம் அப்போதே சட்டவிரோதம், அடிமை முறை மட்டும் சட்டப்படி இருந்தது. செத்த வெள்ளையர்களைக் கல்லறையில் புதைத்தார்கள், கறுப்பினத்தவரைக் கரையோரம் புதைத்தார்கள். பிழைத்த 86 பேரை என்ன செய்வது? கள்ளக் கடத்தலில் வந்ததால் அடிமை என்றும் சொல்ல முடியாது, சுதந்திர மனிதர் என்றும் விட மனமில்லை, கடைசியில் தென் அமெரிக்கக் கரையிலிருந்த கயேனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே 2.5 மீட்டர் உயரத்தில் 15 வெள்ளைச் சிலைகள், தோள் குனிந்து, முக்கோணமாக நிற்கின்றன. கரீபியனில் வெள்ளைதான் துக்க நிறம். எல்லாச் சிலைகளும் 110 டிகிரி திசையில், கினி வளைகுடாவைப் பார்த்து நிற்கும். புகைப்படத்தில் பார்த்தாலே போதும், ஒரு விளக்கப் பலகையும் தேவைப்படாது.

பிரான்சின் நான்ட் நகரில் 2012-ல் திறந்தது வேறு வகை. லுவார் ஆற்றங்கரை நடைபாதையில் 2,000 சிறு கண்ணாடிப் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் அந்தத் துறைமுகத்திலிருந்து போன அடிமைக் கப்பல்களின் பெயரும் தேதியும் இருக்கும். நடந்து போகிறவர்கள் குனிந்து படிக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் அங்கேயும் கப்பலுக்குத்தான் பெயர், மனிதருக்கு இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அட்லாண்டிக் மட்டும்தானா? இந்தியப் பெருங்கடல் பக்கம் நடக்கவில்லையா?

நடந்தது, பல நூற்றாண்டுகள் நடந்தது. ஓர் உதாரணம் சாவோ ஜோசே என்ற போர்ச்சுகீசியக் கப்பல். மொசாம்பிக் தீவிலிருந்து பிரேசிலுக்கு ஐந்நூறு பேர் வரை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் 1794 டிசம்பர் 27 அன்று கேப் டவுன் கரையருகே உடைந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள், தப்பியவர்களை அங்கேயே விற்றார்கள். சிதைவுகளை அடையாளம் கண்டதை 2015-ல் அறிவித்தபோது, மொசாம்பிக்கிலிருந்து ஒரு கூடையில் கொண்டுவந்த மண்ணை முக்குளிப்பவர்கள் அந்த இடத்தில் தூவினார்கள். கப்பலின் இரும்பு எடைக்கட்டிகள் சில வாஷிங்டனில் 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இரவலாகப் போயின. மனிதச் சரக்கு எடை போதாமல் கப்பல் ஆடும் என்பதற்காக அடியில் போட்ட இரும்பு அது. எந்த இன்ஸ்டலேஷனும் அந்தக் கட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் பெரிய அருங்காட்சியகங்களில்தானே மாட்டப்படுகிறது? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி. லண்டனில் டேட் காலரியைத் தொடங்க உதவிய ஹென்றி டேட் சர்க்கரை ஆலை அதிபர். அவர் தொழில் தொடங்கியபோது பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை முடிந்திருந்தது, அவர் அடிமை வைத்திருந்தவர் இல்லை. ஆனால் சர்க்கரைத் தொழிலே அந்த அடித்தளத்தில் எழுந்தது, அதை டேட் நிறுவனமும் ஒப்புக்கொள்கிறது.

அதே நிறுவனத்தின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில், டர்பைன் ஹால் என்ற பெருங்கூடத்தில்தான் 2019 அக்டோபரில் அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கர் 13 மீட்டர் உயரத்துக்கு ஒரு நீரூற்று எழுப்பினார். பக்கிங்ஹாம் அரண்மனை முன்னால் பேரரசைக் கொண்டாடும் விக்டோரியா நினைவுச் சின்னம் இருக்கிறதே, அதைக் கேலி செய்யும் வடிவம். உச்சியில் ஒரு கறுப்பினப் பெண், மார்பிலிருந்தும் அறுபட்ட கழுத்திலிருந்தும் தண்ணீர் பீறிடும். கீழே தொட்டியில் சுறாக்கள், கவிழும் படகு. தள்ளி ஒரு சிப்பிக்குள் கண்ணீரில் மூழ்கும் சிறுவன். ஊரில் எந்த நீரூற்றைப் பார்த்தாலும் சில்லறை போடத் தோன்றும் ஆட்கள் இங்கே கையைப் பையிலிருந்து எடுக்கத் தயங்குவார்கள். காட்சி முடிந்ததும் பிரித்துவிட்டார்கள், பொருளெல்லாம் மறுசுழற்சிக்கு. வெண்கலத்தில் வார்த்து நிரந்தரமாக வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பேரரசுச் சிலைகளின் திமிரே அந்த நிரந்தரத்தில்தானே இருக்கிறது? பிரித்ததுதான் சரி.

பிரிஸ்டலில் கோல்ஸ்டன் சிலையைத் தண்ணீரில் தள்ளினார்களே, அது கலையா வன்முறையா?

2020 ஜூன் 7. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிரான ஊர்வலத்தில் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையைக் கயிறு கட்டி இழுத்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் தள்ளினார்கள். கோல்ஸ்டன் 17ஆம் நூற்றாண்டில் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தவர். அவர் இருந்த காலத்தில் அந்தக் கம்பெனி சுமார் 84,000 பேரை ஏற்றியது, 19,000 பேர் வழியில் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. சிலை வைத்தது 1895-ல், அதாவது எல்லாம் தெரிந்த பிறகு.

வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேரையும் 2022 ஜனவரியில் ஜூரி விடுவித்தது. சிலையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பூசிய சாயத்தைக்கூடத் துடைக்காமல், எம் ஷெட் அருங்காட்சியகத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துக் காட்டினார்கள். கலைப்படைப்பு என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிப் படைப்புகள் சொல்ல முயன்றதை அந்த ஒரு காட்சி சொல்லிவிட்டது. சுமந்துபோன தண்ணீருக்குள்ளேயே போட்டார்கள் பாருங்கள், அந்த இடத்தேர்வுக்காகவே சொல்கிறேன்.

இன்று மத்தியதரைக் கடலில் சாகும் ஆப்பிரிக்க அகதிகளையும் இதோடு சேர்ப்பது சரியா?

சேர்க்கலாம், கவனமாகச் சேர்க்க வேண்டும். அன்று பிடித்துக் கட்டி ஏற்றினார்கள், இன்று தாங்களே கடன் வாங்கிப் படகேறுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் யார் சாவைக் கடல் மேல் பழிபோட்டு முடித்துவிடலாம் என்பதில் பெரிய மாற்றம் வரவில்லை.

பிரிட்டிஷ் கலைஞர் ஜான் அகோம்ஃப்ராவின் ‘வெர்டிகோ சீ’ என்ற வீடியோ 2015-ல், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் வந்தது. 48 நிமிடம், பக்கத்தில் பக்கத்தில் மூன்று திரைகள். திமிங்கில வேட்டை ஒரு திரையில், விலங்கிட்ட உடல்கள் இன்னொன்றில், நடுவில் கண்கொள்ளாக் கடல். காலம் கலந்து கலந்து வரும், விளக்கம் கிடையாது. சிலருக்கு இது ரொம்ப அழகாக இருப்பதே பிரச்சினை.

அதற்கு நேர் எதிர் ஆய்வாளர்கள் சார்ல்ஸ் ஹெல்லரும் லொரென்சோ பெட்சானியும் செய்த வேலை. 2011 மார்ச்சில் திரிப்போலியிலிருந்து 72 பேரோடு கிளம்பிய ஒரு ரப்பர் படகு, நேட்டோ கப்பல்களும் விமானங்களும் சுற்றிய கடலில் 14 நாள் அலைந்தது. 63 பேர் இறந்தார்கள். படகு அனுப்பிய அவசர அழைப்பு, செயற்கைக்கோள் படங்கள், காற்று, நீரோட்டக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து, படகு எப்போது எங்கே இருந்தது, பக்கத்தில் யார் இருந்திருக்க முடியும் என்று வரைபடம் போட்டார்கள். அது கண்காட்சிகளிலும் ஓடியது, வழக்குகளுக்கும் ஆதாரமாகப் போனது. ஸாங் வழக்கில் கடல் கொலைகாரர்களுக்குச் சாட்சி சொன்னது. இங்கே அதே கடலைத் தண்ணீரின் கணக்கை வைத்தே எதிர்ப்பக்கம் சாட்சி சொல்ல வைத்தார்கள்.

மோசமான உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானவர்களோடு மூழ்கிய படகையே தூக்கிக்கொண்டு வந்து 2019 வெனிஸ் பியன்னாலேயில் ஒரு காபி கடைக்குப் பக்கத்தில் வைத்தார் கிறிஸ்டோஃப் பூஷெல். அருகில் விளக்கம் கிடையாது. வந்தவர்கள் காபிக் கோப்பையோடு செல்ஃபி எடுத்தார்கள். அதுதான் அவர் காட்ட நினைத்தது என்று வாதிடலாம், நான் ஏற்கவில்லை.

இவ்வளவு கொடுமையை அழகாகக் காட்டுவது தப்பில்லையா?

தப்பு அழகில் இல்லை, அழகு எதை மறைக்கிறது என்பதில் இருக்கிறது. ராட்கிளிஃப் பெய்லி சுமார் 400 பியானோக்களின் கட்டைகளைப் பிரித்துத் தரையில் குவித்து ஒரு கடல் செய்தார், அலைகளுக்கு நடுவே மினுங்கும் கறுப்புத் தலை ஒன்று மட்டும் மேலே தெரியும். கானாவில் பிறந்த எல் அனட்சுய் 1996-ல் டென்மார்க் கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கி மனிதக் கூட்டம் ஒன்றை நிற்க வைத்தார். டென்மார்க் கானாவில் கோட்டை கட்டி அடிமை வணிகம் செய்த நாடு. இரண்டுமே அழகு, இரண்டிலும் பார்வை தப்பித்துப் போக வழியில்லை.

தமிழர்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா, அல்லது வலிந்து இழுக்கிறோமா?

உண்டு, ஆனால் நாம் விரும்பும் வடிவத்தில் இல்லை. பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான கறுப்பின மக்கள் நியாயமான கூலி கேட்டபோது, தோட்ட முதலாளிகள் 1853-லிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக மார்ட்டினிக்குக்கும் மறு வருடத்திலிருந்து குவாதலூப்புக்கும் இறக்கினார்கள். நம் ஆட்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. அதே சமயம் அவர்களுடைய கூலியைக் குறைக்கத்தான் நம்மைக் கொண்டுபோனார்கள் என்பதும் உண்மை. ஒப்பந்தத்துக்குக் காலவரையறை இருந்தது, பிள்ளைகள் பிறவி அடிமைகள் ஆகவில்லை. ‘நாங்களும் அடிமைகளாகத்தான் போனோம்’ என்று ஒரே வரியில் முடிப்பது இரண்டு வரலாற்றுக்கும் அநியாயம்.

கடைசியாக, கலையால் நீதி கிடைக்குமா?

பிரிட்டன் 1833 சட்டத்தின்படி 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனை வரி செலுத்துவோர் 2015 வரை அடைத்தார்கள், கரீபியனிலிருந்து பிரிட்டனில் குடியேறிய குடும்பங்களும் அதில் சேர்த்தி. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு 2014-ல் பத்து அம்ச இழப்பீட்டுத் திட்டத்தை முன்வைத்தது. லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை அடிமை வணிகத்தில் தனக்கிருந்த பங்குக்காக 2020 ஜூனில் மன்னிப்புக் கேட்டது. ஓவியம் வரைந்து இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது, அதைக் கலைஞர்கள் யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் கணக்கு முடிந்துவிட்டது என்று யாராவது கோப்பை மூடப் பார்க்கும்போது நடுவில் கைவைக்க அவர்களால் முடிகிறது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

டர்னரை பாஸ்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே பெரிதாக்கிப் பாருங்கள், வலது கீழ் மூலையிலிருந்து தொடங்குங்கள். பிறகு அசூமேயின் கேன்கள், பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தளத்தில் படங்கள் உண்டு. ‘வெர்டிகோ சீ’யைத் துண்டு துண்டாக யூடியூபில் பார்க்க வேண்டாம், மூன்று திரையில் எங்காவது வரும்போது பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் கல்லகரின் காகிதக் கடல் உயிர்களிலிருந்து ஆரம்பியுங்கள், கேள்வி தானாக வரும்.